சுதந்திராக் கட்சி ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி:
தொழிலிலும் உழவிலும் அரசின் தலையீட்டை எதிர்த்து 1959இல் ராஜாஜி சென்னையில் அறிவித்த சுதந்திராக் கட்சி, 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் வென்று, காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக அவையில் அமர்ந்தது. நான்கே ஆண்டுகளில் அது 8 இடங்களுக்குச் சுருங்கி, 1974இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்ததையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் தோல்வி அதற்கு முன்பே வந்துவிட்டதே. எங்கே பிசகியது?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. கொள்கையைத் தந்தவர்கள் ராஜாஜியும் மினு மசானியும் என்.ஜி. ரங்காவும், வாக்குகளைத் திரட்டித் தந்தவர்களோ பல இடங்களில் பழைய சமஸ்தானத்து அரசர்கள். 1962இல் ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி பெற்ற மாபெரும் வெற்றி, தொழில் நடத்த எதற்கும் அரசின் அனுமதி கேட்ட பர்மிட்-லைசென்ஸ் ஆட்சிக்கு எதிரான தீர்ப்பு என்பதைவிட அரண்மனைக்கு விழுந்த வாக்கு என்றே நான் கருதுகிறேன். அதனால்தான், 1969இல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிவிட்டு முன்னாள் அரசர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தையும் ஒழிக்க முனைந்தபோது, கட்சி எழுப்பிய சொத்துரிமை வாதம் ஏழைகளின் காதில் அரசர்களுக்கான வக்காலத்தாகவே விழுந்தது. அதே ஆண்டில் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

மறுமொழி 2:
அரசர்கள் மட்டும்தான் கட்சி என்பதை நான் ஏற்கவில்லை. குஜராத்தில் வல்லப் வித்யாநகரை உருவாக்கிய பாய்லால்பாய் பட்டேலின் தலைமையில், பட்டேல் சமூகத்தினரான பட்டிதார் உழவர்களின் ஆதரவோடு, 1967இல் 168 சட்டமன்ற இடங்களில் 66ஐக் கட்சி வென்றது. அவர் 1970இல் மறைந்தபின் அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. இரண்டாம் வரிசைத் தலைவர்களை வளர்க்காததே பெருங்குறை.

மறுமொழி 3:
எங்கள் தாத்தா ஆறு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் நிலங்களை ஒன்றுசேர்த்து உழும் கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, வரப்புகளை அழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில்தான் அவர் ராஜாஜியின் பக்கம் போனார். 1967 தேர்தலின்போது பம்பு செட் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் நட்சத்திரச் சின்னத்தைத் தம் கையாலேயே வரைந்தார், தி.மு.க. கூட்டணியில் சுதந்திரா 20 சட்டமன்ற இடங்களை வென்ற தேர்தல் அது. காமராசரின் காங்கிரசைத் தோற்கடிக்க வீடுவீடாக அலைந்த அவரிடம், காங்கிரஸ் 1969இல் பிளந்து, இந்திராவை எதிர்த்த காமராசரின் அணியோடு கட்சி கூட்டுச் சேர்ந்ததால், 1971இல் அதே காமராசரின் அணிக்கு வாக்குக் கேட்கச் சொன்னார்கள். பழைய பகையை ஏன் மறக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல எங்கள் ஊருக்குக் கட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கட்சிக்கு அங்கே கிளையே கிடையாது. 20 இடங்கள் 6 ஆயின. தாத்தா அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக்கே போகவில்லை.