கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு: மெழுகு பாலிஷ் கறையை எப்படி எடுப்பது?

கேட்டவர் (சேலம்)

வணக்கம் நண்பர்களே. வண்டி பிரெஸ்ஸா, 2018 மாடல், சிவப்பு. ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு வாட்டர் வாஷ் கடையில் மெழுகு பாலிஷ் போடக் கொடுத்தேன். பெயின்ட் நன்றாகப் பளபளக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக்கர வளைவைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக், கதவுக்குக் கீழே வரும் பட்டை, பின் பம்பரின் கீழ்ப்பாதி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் சேரும் ஓரத்தில் துணியை வட்டமாகச் சுழற்றிய தடம் அப்படியே தெரிகிறது.

கடையில் கேட்டதற்கு "ரெண்டு மழை பெஞ்சா போயிடும் சார்" என்றார்கள். ஐப்பசி மழை முழுக்க நனைந்தும் போகவில்லை. ஷாம்பு போட்டுக் கழுவினால் ஈரம் இருக்கும்வரை கறுப்பாக இருக்கிறது, காய்ந்ததும் பழையபடி வெளுத்துவிடுகிறது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். பக்கத்துப் பட்டறையில் தின்னர் போட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் இன்னும் தொடவில்லை. எது சரி?

பதில் (மதுரை)

தின்னர் பக்கமே போகாதீர்கள் சார். பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரில் டொலுயீன், அசிட்டோன் மாதிரி கடுமையான கரைப்பான்கள் இருக்கும். மெழுகு போவது இருக்கட்டும், கை தவறி ஓரத்துப் பெயின்ட்டில் பட்டால் அதன் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். அந்தப் பெயின்ட் வேலைக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

பதில் (கோவை, கார் டீடெய்லிங் வேலை)

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அது மெழுகுதானா, வெயிலில் பிளாஸ்டிக்கே வெளுத்ததா? ஒரு பல்குத்தியால் வெள்ளையாக உள்ள இடத்தை லேசாகக் கீறிப் பாருங்கள். நுனியில் வெள்ளை மாவு ஒட்டி வந்தால் பாலிஷ் கறை. எதுவும் வராமல், பிளாஸ்டிக் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்தால் அது வெயில் செய்த வேலை, அதற்கு வைத்தியமே வேறு. ஓரத்தில் துணித் தடம் தெரிகிறது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பாலிஷ்தான்.

அது ஏன் கழுவினால் போவதில்லை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகை. மேலே பெயின்ட்டோ, பெயின்ட் மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட்டோ கிடையாது. தொட்டால் சொரசொரவென்று, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி குழி குழியாக இருக்கும். பல பாலிஷ்களில் மெழுகோடு நுண்ணிய தேய்ப்புத் தூளும் உண்டு. பெயின்ட் வழவழப்பாக இருப்பதால் துணியால் துடைத்தாலே எல்லாம் வந்துவிடும். பிளாஸ்டிக்கில் அந்தத் தூளும் மெழுகும் குழிக்குள் இறங்கிக் காய்ந்துவிடுகின்றன. துணி மேட்டை மட்டும்தான் தொடும், குழிக்குள் போகாது. மழை நீரும் மெழுகைக் கரைக்காது. வெயில் உருக்கிவிடும் என்றும் காத்திருக்காதீர்கள். கார் பாலிஷ்களில் சேர்க்கும் கார்னூபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும்.

ஆகவே கறையை இளக்க வேண்டும், குழிக்குள் இருந்து கிளப்ப வேண்டும், மறுபடி காய்வதற்குள் துணியால் எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தேய்த்துக் கிளப்பிய கறை அங்கேயே காய்ந்தால் திரும்பவும் அதே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டியை நிழலில் விட்டு பிளாஸ்டிக் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்து எடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். அப்புறம் ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தெளித்து, மிருதுவான பழைய டூத் பிரஷ்ஷால் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு இடம்தான். நுரை பால் நிறத்தில் திரண்டு வருவது கண்ணுக்கே தெரியும். அது வந்த உடனே ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்; இழுத்துத் துடைத்தால் கறை பக்கத்துக்குப் பரவும். துணியை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள்.

அதற்கும் மசியாத இடத்துக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சரிபாதி தண்ணீர் கலந்து, பிரஷ்ஷில் நனைத்து இதே மாதிரி செய்யுங்கள். தீப்பற்றும் சமாச்சாரம், காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

தேங்காய் எண்ணெய் கறையை எடுக்காது, மறைக்கும், அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்ததும் வெள்ளை வெளியே வரும், அதற்குள் தெருப்புழுதியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். கடைகளில் டயர் பாலிஷைத் தடவிக் கறுப்பாக்கிக் கொடுப்பதும் இதே கதைதான்.

பதில் (திருச்சி)

நான் மண்ணெண்ணெயில் துடைப்பேன், நன்றாகவே போகிறதே?

பதில் (கோவை, கார் டீடெய்லிங் வேலை)

போகும் அண்ணே, மெழுகை மண்ணெண்ணெய் கரைக்கும். ஆனால் அது சீக்கிரம் ஆவியாகாது, எண்ணெய்ப் படலமாக நின்று தூசியை இழுக்கும். கரைப்பான் போட்டே தீர வேண்டும் என்றால் பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்துவிட்டு, உடனே சோப்பு நீரில் கழுவிவிடலாம். ஹெட்லைட் மேல் பட விடாதீர்கள்.

பதில் (சென்னை)

வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தேய்த்தால் போகிறது என்கிறார்கள். நானும் செய்தேன், உண்மையிலேயே கறை கிளம்புகிறது. அதில் உள்ள எண்ணெய் மெழுகை இளக்குகிறது. ஆனால் அப்புறம் அந்தப் பிசுக்கை எடுக்கச் சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவ வேண்டியிருந்தது, எறும்பும் வந்தது. சின்னப் பொட்டு மாதிரி கறை என்றால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரே போதும். காய்ந்த கறையை உருட்டி எடுத்துவிடும். வெள்ளையாக இருக்கும் மெலமைன் ஸ்பாஞ்சை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அது உப்புத்தாள் மாதிரி மேட்டைத் தேய்த்துவிடும். பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு போய் அந்த இடம் மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியும், திரும்பக் கொண்டுவரவே முடியாது.

கேட்டவர் (சேலம்)

எல்லோருக்கும் நன்றி. பல்குத்தியில் வெள்ளை மாவு வந்தது, கோவை நண்பர் சொன்னபடி பாலிஷ்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கதவுப் பட்டையில் கிளீனரும் பிரஷ்ஷுமே போதுமாக இருந்தது. நுரை மோர் மாதிரி வந்ததைப் பார்த்ததும்தான் நம்பிக்கை வந்தது. சக்கர வளைவின் ஓரத்துக்கு ஆல்கஹால் தேவைப்பட்டது. இப்போது காய்ந்த பிறகும் கறுப்பாகவே நிற்கிறது. பின் பம்பர் மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை அடுத்த வாரம் பார்க்கிறேன்.

இரண்டு சந்தேகம். சுத்தமான பிளாஸ்டிக் இப்போது கொஞ்சம் வறண்ட மாதிரி தெரிகிறது, ஏதாவது போட வேண்டுமா? கண்ணாடிக்குக் கீழே உள்ள ரப்பர் பட்டையிலும் வெள்ளைக் கோடு இருக்கிறது, அதற்கும் இதே முறைதானா?

பதில் (கோவை, கார் டீடெய்லிங் வேலை)

நல்ல செய்தி தம்பி. ஆல்கஹால் பட்ட இடத்தைத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய விட்டு, புற ஊதாத் தடுப்பு உள்ள தண்ணீர் வகை டிரிம் டிரெஸ்ஸிங் (கறுப்பு பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பூச்சு) மெல்லிசாக ஒரு கை போடுங்கள். வழிய வழிய ஊற்ற வேண்டாம். ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பம்பர் மூலையில் கறை முழுதாகப் போன பிறகுதான் அங்கே போட வேண்டும், இல்லாவிட்டால் கறையை உள்ளே வைத்துப் பூசின மாதிரி ஆகிவிடும். ஓரத்துப் பெயின்ட்டில் ஆல்கஹால் பட்டிருந்தால் அங்கே மெழுகும் போயிருக்கும், அந்த விளிம்புக்கு மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ரப்பருக்கு ஆல்கஹாலைத் தவிர்த்துவிடுங்கள், அடிக்கடி பட்டால் வறண்டு போகும். வெந்நீர்த் துணி, கிளீனர், பிரஷ் போதும். ரப்பரில் கறை மேலேதான் நிற்கும், சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்த தடவை பாலிஷ் போடக் கொடுக்கும்போது பெயின்ட்டர் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை பிளாஸ்டிக் ஓரம் முழுக்க ஒட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போய் விடுங்கள், கால் மணி நேர வேலைதான்.