'கிரீஸ் பாட்டு' உள்ள பழைய கசெற்: இது என்ன தொகுப்பு, யாருக்காவது தெரியுமா?

வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 ஆவணியில் லண்டன் மாமா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை நின்றார்கள். ஏ9 திறந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது, அந்த நேரம் வன்னியில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டுச் சனம். போகும்போது ஒரு ரேப் ரெக்கோடரையும் சொப்பிங் பை ஒன்றுக்குள் பத்துப் பன்னிரண்டு கசெற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் சீடிக்கு மாறிவிட்டார்களாம், எங்களுக்கோ அது பெரிய சாமான். முக்கால்வாசி தமிழ்ப் படப் பாட்டு. ஒன்று மட்டும் ரிடிகே 90 (தொண்ணூறு நிமிச வெறும் கசெற்றில் பதிந்தது), முழுக்க இங்கிலிஸ், அண்ணாவுக்கு ஏனோ அதுதான் பிடித்துப்போனது. அவர் அப்போது பரந்தனில் உழவு இயந்திரம் திருத்தும் இடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பாட்டில் பாடுகிறவர் தொடக்கத்திலேயே 'கிரீஸ்' என்று சொல்லுவார். முழங்கை வரைக்கும் கிரீஸோடு வந்து நிற்கிற அண்ணாவுக்கு அதைக் கேட்டால் ஒரே சிரிப்பு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிரீஸ் பாட்டு. மெதுவாகக் கதை சொல்லுகிற மாதிரித் தொடங்கி, போகப் போக வேகம் எடுத்து, கடைசியில் பாடுகிறவருக்கு மூச்சு வாங்கும்.

சித்தி வவுனியாவுக்குக் குடிபோனபோது அந்தப் பையைக் கொண்டுபோனதால் அது தப்பியது. வட்டக்கச்சி வீட்டில் இருந்த மற்ற எதுவும் மிஞ்சவில்லை, அண்ணாவும் இல்லை. போன மாதம் சித்தியின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கசெற் கிடைத்தது. மாமாவிடம் கேட்கலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், சின்ன மச்சாளுக்கு அந்த நேரம் ஐந்து வயது.

லேபலில் மாமா பேனாவால் எழுதியது அழிந்துவிட்டது. இங்கிலிசில் கடைசி மூன்று எழுத்துத்தான் தெரிகிறது: ஐ, என், ஈ. கொஞ்ச இடைவெளி விட்டு ரீ, ஓ, ஓ. 'இரண்டு' என்று எழுத வந்து பிழையாக எழுதிவிட்டாரோ தெரியாது.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. பி பக்கத்தில் மூன்றாவது பாட்டு பாதியில் அறுந்து, 'டக்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு கோவலன் கூத்து! மத்தளமும் தாளமும் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துகிறவர்) குரலும், பக்கம் முடியும்வரை அதுதான். அது அண்ணாவின் வேலை. 2004இல் அம்மாவின் ஊரான முள்ளியவளையில் கூத்துப் பார்க்கப் போனபோது வெறும் கசெற் இல்லாமல், இதன் மேல்விளிம்பில், மேலே பதிவதைத் தடுக்கிற இரண்டு ஓட்டையிலும் செலோரேப் ஒட்டிப் பதிந்திருக்கிறார்.

இப்போது போட்டால் எல்லாம் இழுபட்டு, கிணற்றுக்குள் நின்று பாடுகிற மாதிரிக் கேட்கிறது. முதலே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேண்டியது இங்கிலிஸ் பாட்டுகளின் பெயர். முக்கியமாக கிரீஸ் பாட்டு.

பெற்றோல்செட் பழசு:

தம்பி, உங்கள் மாமா பிழை விடவில்லை. அது 'ஷைன் ரூ'. இரண்டாவது தொகுப்பு என்பதால் இரண்டு என்ற சொல்லை எழுதாமல், அதே ஒலியுள்ள 'கூட' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டுச் சின்ன விளையாட்டு விளையாடினார்கள். பொலிகிராம் ரீவி என்ற கம்பனி 1995இல் இருந்து 1998 வரை வெளியிட்ட வரிசை அது. அந்த நேரத்து பிரிட்பொப், இண்டி என்று சொல்லுகிற கிற்றார்க் குழுக்களின் பாட்டுகளை ஒன்றாகப் போட்டு விற்பார்கள், ரீவியில் விளம்பரம் போகும்.

கிரீஸ் பாட்டை நீங்கள் சொன்ன விதத்திலேயே பிடித்துவிட்டேன். அது பல்ப் என்ற ஷெஃபீல்ட் குழுவின் 'கொமன் பீப்பிள்', பாடுகிறவர் ஜார்விஸ் கொக்கர். அண்ணா கேட்டது வண்டிக்குப் பூசுகிற கிரீஸ் இல்லை, கிரேக்க நாடு. அந்த நாட்டில் இருந்து லண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குச் சிற்பக்கலை படிக்க வந்த பணக்காரப் பெட்டை ஒருத்திக்குச் சாதாரணச் சனம் மாதிரி வாழ்ந்து பார்க்க ஆசை. உனக்கு அது ஒருநாளும் விளங்காது, கஷ்டம் என்று வந்தால் கொப்பருக்கு ஒரு போன் எடுப்பாய், எல்லாம் முடிந்துவிடும் என்று இவர் சொல்லுகிறார். அதுதான் கதை. 1995 மே மாதம் வந்தது, இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. முதலிடத்தை ரொப்சன், ஜெரோம் என்று இரண்டு ரீவி நடிகர்கள் பாடிய பழைய காதல் பாட்டு விடவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 94 கடைசியில் இங்கே இங்கிலாந்துக்கு வந்து பெற்றோல் செட் ஒன்றில் இரவு வேலை. கல்லாவுக்குப் பக்கத்தில் சுழலுகிற ஸ்ராண்டில் இப்படியான தொகுப்புக் கசெற்றுகள் நிற்கும். தூரம் போகிற லொறிக்காரர், வார விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் வாங்குவார்கள். இரவு இரண்டு மணிக்குப் பிறகு ஆள் வராது, உடைந்த பெட்டியோடு திருப்பி அனுப்ப வைத்திருக்கிற கசெற்றைப் போட்டுக் கேட்பேன். முழு இசைத்தட்டு வாங்க எங்களிடம் எங்கே காசு, எந்தக் குழு நல்லது என்று சொல்லித்தர யார் இருந்தார்கள்? தொகுப்புத்தான் பள்ளிக்கூடம். 1995 ஆகஸ்ட் 14 பிளர், ஒயாசிஸ் என்ற இரண்டு பெரிய குழுக்களும் ஒரே நாளில் பாட்டு விட்டு அடிபட்டது, விற்றது பிளர் 274,000 பிரதி, ஒயாசிஸ் 216,000 என்று தேர்தல் முடிவு மாதிரிச் செய்தியில் போனது. அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்காரர் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு கிளாலியால் வன்னிக்குப் போனார்கள். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. நான் இங்கே கசெற் ஸ்ராண்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சரி, அதை விடுவோம். ஒரு எச்சரிக்கை: லேபலில் எழுதியதுதான் உள்ளே இருக்கும் என்று நம்பாதீர்கள். சீடியில் இருந்து 90இல் பதியும்போது, பிடிக்காததைத் தாண்டி, வேறு எதையாவது இடையில் செருகுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம்.

சிட்னி அக்கா:

பெற்றோல்செட் அண்ணை சொல்வது சரி, பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். விற்பனைக்கு வந்த தொகுப்பிலேயே இப்படி நடந்திருக்கிறது. எயிட்ஸ் நிதிக்காக ரெட் ஹொட் அமைப்பு 1993இல் வெளியிட்ட 'நோ ஓல்டர்நேற்றிவ்' சீடியின் கடைசியில் நிர்வானா என்ற அமெரிக்க ரொக் குழுவின் பாட்டு ஒன்று இருக்கிறது, ஆனால் அட்டையில் பெயரே இல்லை. நான் அது சீடி பிழை என்று நினைத்துக் கடையில் கேட்கப் போய் வெட்கப்பட்டேன். (அட்டையும் இரண்டு வகை, ஒன்றில் பெடியன், ஒன்றில் பெட்டை.)

இங்கே அவுஸ்திரேலியாவில் எங்களுக்கு ரிபிள் ஜே வானொலியின் ஹொட்டஸ்ற் 100. நேயர்கள் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுப்பார்கள், அதில் கொஞ்சப் பாட்டு அப்போது ஒவ்வொரு வருசமும் சீடியாக வந்தது. 1994க்கு முதலாவது கிரான்பெரிஸின் 'ஸொம்பி', 1995க்கு ஒயாசிஸின் 'வொண்டர்வோல்', 1996இல்தான் முதல்தடவை ஒரு அவுஸ்திரேலியக் குழு முதலாவதாக வந்தது, ஸ்பைடர்பெயிற். கம்பனிக்காரன் கையில் உரிமை இருக்கிற பாட்டைத் தொகுப்பதும், சனம் வாக்குப் போட்டதைத் தொகுப்பதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. பொலிகிராம் தொகுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் பொப்பில் கொஞ்சம் சீனி கூட.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லுகிற ஷஸாம் செயலியில் போட்டுப் பாருங்கள் என்றுதான் எழுத வந்தேன். பிறகுதான் யோசித்தேன், கசெற் இழுபட்டால் அது பிடிக்காது. முதலில் வேகத்தைச் சரியாக்குங்கள்.

நாடா ரிப்பேர் (சென்னை):

நண்பரே, தயவுசெய்து அந்தக் கேசட்டை அந்த மெஷினில் மறுபடி ஓட்டாதீர்கள். இழுப்பதற்கும் மந்தமாகக் கேட்பதற்கும் காரணம் வேறு வேறு. இழுப்பது பெரும்பாலும் பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோனதால், அதாவது கேசட்டின் தப்பு இல்லை. கிணற்றுக்குள் பாடுவது போல் இருந்தால் கேசட்டின் நடுவே, நாடாவுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு மெல்லிய தகட்டில் சின்னப் பஞ்சு ஒட்டியிருக்கும், அதுதான் நாடாவை ஹெட்டோடு (பிளேயரில் ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும். பசை காய்ந்து அது விழுந்திருக்கலாம். கேசட்டைக் குலுக்கினால் உள்ளே ஏதாவது கடகட என்கிறதா? ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் கழற்றி, நாடாவை இன்னொரு கூட்டுக்கு மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் என்னைப் போன்ற ஆளிடம் கொடுங்கள், பிளேடு வைத்து நெம்பி நாடாவை வெட்டிக்கொண்டு அழுதவர்கள் நிறைய பேர்.

ஹெட்டை பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. நல்ல பிளேயர் கிடைத்ததும் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். எம்பி3 எல்லாம் அப்புறம்.

கூத்துக்கு அடியில் இருந்த பாட்டை மீட்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. பதியும்போதே இரேஸ் ஹெட் முதலில் துடைத்துவிட்டுத்தான் போகும்.

முள்ளியவளைப் பெடியன்:

என்னப்பா நடக்குது இங்கே. ஒரு ஆள் கோவலன் கூத்து ஒரு பக்கத்தில் பெரும்பகுதி இருக்கிறது என்கிறார், நீங்கள் எல்லாரும் வெள்ளைக்காரன் பாட்டுக்கு வரிசை நம்பர் தேடுகிறீர்கள். ஷைனோ கியோ, அது இணையத்தில் எந்த நேரமும் கிடக்கும். 2004இல் எங்கள் ஊரில் பதிந்த கூத்து எத்தனை பேரிடம் இருக்கிறது? 2009க்குப் பிறகு இங்கே ஒரு கல்யாண அல்பம் மிஞ்சியிருந்தாலே ஊர் கூடிப் பார்க்கும். அந்த அண்ணாவியார் யார் என்று குரலைக் கேட்டாலே சொல்லக்கூடிய கிழடுகள் இன்னும் ஒரு ஐந்தாறு பேர்தான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு எல்லாரும் காட்டு விநாயகர் கோயிலடிக்கு வருவார்கள், உப்புநீரில் விளக்கெரிக்கிற நாளில் வந்தீர்கள் என்றால் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

கசெற் இழுபடுகிறது என்று கவலைப்படுகிறீர்கள், தொண்ணூறுகளில் நாங்கள் கேட்டது முழுக்க இழுபட்ட பாட்டுத்தான். பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வயர் இழுத்து, ஒருத்தன் கையால் மிதிகட்டையைச் சுற்ற மற்றவர்கள் கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகி ஆம்பிளைக் குரலுக்கு இறங்கிவிடுவார், 'டேய் ஜானகிக்குச் சோறு போடு' என்று கத்துவோம். இரவு தமிழோசைச் செய்திக்கு மட்டும் பெரியவர்கள் சுற்றுவார்கள், ஏனென்றால் எங்களை நம்பமாட்டார்கள்.

தொகுப்பு என்றால் எங்களுக்கு ரெக்கோடிங் பார். கொப்பித் தாளில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால் அறுபதிலோ தொண்ணூறிலோ அடித்துத் தருவான், கடைசியில் மூன்று நிமிசம் மிஞ்சினால் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடுவான். அந்தக் கடைசிப் பாட்டுத்தான் எப்போதும் நல்லாயிருக்கும், அது வேறு கதை.

வட்டக்கச்சியான்:

முதலில் நாடா ரிப்பேர் ஐயாவுக்கு நன்றி. குலுக்கினேன், கடகட என்றது. பஞ்சு விழுந்து மூலைக்குள் கிடந்தது. திருகாணிக் கூடுதான், தமிழ்ப் படக் கசெற் ஒன்றைப் பலி கொடுத்து மாற்றினேன். கை நடுங்கி ஒரு இடத்தில் நாடா மடிந்துவிட்டது, ஏ பக்கத்தில் நாலாவது பாட்டில் இனி அரைச் செக்கன் ஒரு விக்கல் இருக்கும். பக்கத்து வீட்டு ரேப்பில் போட்டேன், குரல் கிணற்றை விட்டு வெளியே வந்துவிட்டது.

முள்ளியவளை அண்ணை, நீங்கள் ஏசுவது விளங்குகிறது, கூத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஊரின் சாமான், ஊர் அதைத் தேடும். கிரீஸ் பாட்டை எங்கள் வீட்டைத் தவிர யாரும் அந்தப் பெயரில் தேடப்போவதில்லை. பெற்றோல்செட் அண்ணை சொன்ன பெயரைப் போட்டுக் கேட்டேன், அதேதான். கதையைப் படித்த பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மாமாவின் மூத்த மகள், பெரிய மச்சாள், இங்கே நின்ற மூன்று கிழமையும் கிணற்றில் தண்ணி அள்ளுவேன், விறகு அடுப்பில் சமைப்பேன் என்று அடம்பிடிப்பாள். இரண்டாம் நாளே கை கொப்பளித்துவிட்டது. பிறகு அந்தப் பாட்டுப் போகும்போதெல்லாம் அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பாள், அண்ணாவும் சேர்ந்து சிரிப்பார். அண்ணா கிரீஸுக்குத்தான் சிரிக்கிறார் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பாட்டு விளங்கியிருக்கும், அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுத்தாளோ என்னவோ. இரவு அவளுக்குப் போன் எடுத்துக் கேட்கவேணும்.

ஷஸாம் இப்போது ஏ பக்கத்தில் ஏழு பாட்டைப் பிடித்துவிட்டது. பி பக்கத்தில் அறுந்துபோகிற மூன்றாவதை மட்டும் பிடிக்கவில்லை, இருபது செக்கன்தான் மிச்சம் இருக்கிறது, பெண் குரல், பின்னால் ஓர்கன் மாதிரி. அந்த இருபது செக்கனையும் கூத்தின் முதல் ஐந்து நிமிசத்தையும் நாளைக்கு இங்கே ஏற்றிவிடுகிறேன். பாட்டைச் சிட்னி அக்கா கேளுங்கள், கூத்தை முள்ளியவளை அண்ணை உங்கள் கிழடுகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், வைகாசி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.

அதோடு, மாமாவின் பழைய ரேப்புக்குப் பெல்ற் வேணும். கிளிநொச்சியில் இரண்டு கடையில் கேட்டேன், தையல் மெசின் பெல்ற்றை எடுத்து நீட்டினார்கள். வவுனியாவில் யாரிடமாவது இருக்கிறதா?