'செய்முறை தவிர்க்கவும்'னு பத்திரிகையில போட்டா ஊரை அவமதிக்கிறதா?

வைகைக்கரையான்:
மகளுக்கு மொட்டை, காதுகுத்து. அழகர்கோவில்ல பதினெட்டாம்படிக் கருப்புக்கு முன்னால வச்சு, மதியம் நெருங்கின சொந்தம் நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு முடிச்சுக்கலாம்னு நானும் மனைவியும் முடிவு பண்ணினோம். மண்டபம் இல்ல, பிளக்ஸ் இல்ல, மைக்குல 'இன்னார் ஐநூறு' இல்ல. பத்திரிகையிலயும் 'செய்முறை அன்புடன் தவிர்க்கவும்'னு ஒரு வரி போட்டோம்.

வெளியூர்க்காரங்களுக்கு: மதுரைப் பக்கம் மொய், சீர் எல்லாத்தையும் செய்முறைன்னுதான் சொல்லுவோம். நோட்டுல எழுதி வச்சு, அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யணும். வாங்கினதை மட்டும் கொடுத்தா கணக்கு முடிச்சுட்டோம்னு அர்த்தம். மேல கொஞ்சம் புதுசாப் போட்டாத்தான் போக்குவரத்து நீடிக்கும்.

பத்திரிகை அச்சாகி வந்ததிலிருந்து அம்மா பேசல. பெரியப்பா போன் போட்டு "ஊரை அசிங்கப்படுத்துறியா?"ன்னார். என் பிள்ளை விசேஷத்தை எனக்குச் சரின்னு படுற மாதிரி நான் செய்யக் கூடாதா?

செக்கானூரணி செவலை:
தம்பி, உங்களுக்கு மாசமானா சம்பளம் வருதுன்னு நினைக்கிறேன். அதான் இப்படிப் பேச வருது. எங்க பக்கம் செய்முறைங்கிறது வட்டியில்லாக் கடன். நகையை வைக்காம பேங்க்ல எவன் கொடுப்பான்? போர் போடணுமா, பிள்ளையக் காலேஜ்ல சேக்கணுமா, ஒரு காதுகுத்து வச்சுத்தான் எடுப்பாக. இருபது வருசமா ஊருக்குப் பூராம் செஞ்சு வச்சதை ஒருநாள் திருப்பி எடுக்குறது, அவ்வளவுதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துன்னே பேர் வச்சு நடத்துறாக. காதுகுத்துங்கிற சாக்குக்கூட வேணாம். எனக்கு அது நேர்மையாத்தான் தெரியுது.

ஊர் ஓடினா ஒத்து ஓடணும்.

மாசிவீதிக்காரன்:
அந்தப் பழமொழிக்கு இன்னொரு பாதி இருக்குண்ணே. 'ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு.' இவர் ஒருத்தரா ஓடுறார், ஏன்னு ஒரு ஆள் கேக்கல.

நம்ம மேலமாசி வீதியிலதான் 1921 செப்டம்பர் 22 அன்னைக்கு, சட்டை தொப்பி எல்லாத்தையும் விட்டுட்டு முழங்கால் துணியோட காந்தி வெளிய வந்தார். முதல்ல அக்டோபர் 31 வரைக்கும்னுதான் அறிவிச்சார். அப்புறம் ஆயுசுக்கும் அதுதான். ஊர்ல ஓட்டெடுத்தா செஞ்சார்?

செக்கானூரணி செவலை:
காந்தி குறைச்சது அவர் வேட்டிய. இவர் கை வைக்கிறது அடுத்தவன் பாக்கியில. தம்பி, உங்க அப்பா நோட்டை எடுத்துப் பாத்தீகளா?

தெப்பக்குளத்தாள்:
எல்லாரும் மொய்யிலயே நிக்கிறீக. சீரை யாரு பேசுவா?

என் மகனுக்குக் காது குத்தினப்ப எங்கண்ணன் கொட்டுமேளத்தோட, மாலை போட்ட கிடாயோட, இருபத்தோரு தட்டு தூக்கிட்டு வந்தான். தெருவே நின்னு பாத்துச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அந்த ரெண்டு பவுன் சங்கிலி மூணு வட்டிக்கு வாங்கின காசுன்னு அண்ணி வாயிலிருந்து வர ஒன்றரை வருசம் ஆச்சு. லட்சத்துக்கு மாசம் மூவாயிரம். சங்கிலிய வித்துப் பணத்தை அவன் கையில வச்சேன், தொட மாட்டேன்னுட்டான். "மாமன் செஞ்ச சீரைத் திருப்பி வாங்கினான்னு பேரு வேணுமா"ன்னு கேட்டான். இன்னைக்கும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கான்.

தம்பி, உங்க பொண்டாட்டி கூடப்பிறந்தவர் என்ன சொல்றார்?

வைகைக்கரையான்:
மச்சான் மேலூர்ல லோடு ஆட்டோ ஓட்டுறார்க்கா. பத்திரிகையைப் பாத்ததும் மூஞ்சி சுண்டிப்போச்சு. "நான் செய்ய வக்கில்லாதவன்னு நினைச்சுட்டீகளா மாமா"ன்னார். எனக்குப் பதில் வரல. அந்த வரியைப் போடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அது என் தப்பு.

கணக்கப்பிள்ளை:
நடுவுல ஒரு விஷயம். கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்ற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சுக்கு அந்தச் சலுகை இல்ல. தாய்மாமன், பெரியப்பா மாதிரி சட்டம் உறவினர்னு சொல்றவங்க கொடுத்தா கவலையில்ல. மத்தவங்க கொடுத்தது வருசத்துல மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டிருச்சுன்னா முழுசும் வருமானக் கணக்குல வந்துரும். மைக்குல வாசிக்கிறவங்க யோசிச்சுக்கங்க.

வைகைக்கரையான்:
செவலை அண்ணே, நீங்க கேட்டது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து ராத்திரி பீரோ மேல கிடந்த அப்பா நோட்டை இறக்கினேன். நீளக் கணக்கு நோட்டு, அட்டையில எண்ணெய்க் கறை. ஊர் வாரியா எழுதியிருக்கார்: நாகமலை, கொடிமங்கலம், சோழவந்தான். திருப்பிச் செஞ்சதுக்கெல்லாம் சிவப்பு மையில டிக்.

2007, தங்கச்சி சடங்கு. மொத்தம் 86,450. அதுக்கு நேர் கீழ, 'தம்பி காலேஜ் 45,000'. அந்தத் தம்பி நான்தான். இத்தனை வருசமா லோன் போட்டுக் கட்டினார்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

நாங்க செய்ய வேண்டியதுல டிக் இல்லாம முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தர் வீட்டு விசேஷத்துக்கும் போய்ச் செய்யப் போறேன். ஆனா எங்களுக்கு வர வேண்டியதை வசூல் பண்ண ஒரு விசேஷம் வைக்க மாட்டேன். பத்திரிகை வரி அப்படியேதான் இருக்கும்.

செக்கானூரணி செவலை:
அது இன்னும் மோசம் தம்பி, கோவிச்சுக்காதீக. நீங்க கொடுப்பீக, வாங்க மாட்டீக. அப்ப ஊர்க்காரன் கை எப்பவும் கீழதான் இருக்கணுமா? செய்முறையில ரெண்டு கையும் சமம். இன்னைக்கு நீ, நாளைக்கு நான்.

மாசிவீதிக்காரன்:
சமமா? பத்தாயிரம் செஞ்சவர் பேரை மைக்குல ரெண்டு தடவ வாசிக்கிறாங்க. நூறு ரூபா கொடுத்த கிழவி பேரை மென்னு முழுங்குறாங்க. அந்தக் கிழவிகிட்டப் போய்ச் சமம்னு சொல்லுங்க.

செக்கானூரணி செவலை:
மைக்கைப் பிடுங்கிப் போடுங்க, முத ஆளா நான் வாரேன். நோட்டைக் கிழிக்காதீக.

வைகைக்கரையான்:
பத்து நாள் கழிச்சு வர்றேன். விசேஷம் ஞாயித்துக்கிழமை முடிஞ்சது. அம்மா வந்தாங்க. என்கூடப் பேசல, ஆனா மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவினது அவங்கதான். மச்சான் மடியில வச்சுத்தான் காது குத்தினோம். ஒரு கிராம் கம்மலும் பாவாடை சட்டையும் எடுத்துட்டு வந்திருந்தார், அதை மட்டும் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. பெரியப்பா வரல.

நேத்து கொடிமங்கலத்துல இருந்து ஒரு அப்பத்தா வீட்டுக்கே வந்துட்டாக. முந்தானை முடிச்சை அவுத்து ரெண்டு ஐநூறு ரூபா நோட்டு எடுத்தாக. "2009-ல என் மகன் கல்யாணத்துக்கு உங்கப்பன் ஐநூறு செஞ்சான். நீ வேணாம்னு பத்திரிகையில போட்டா என் கடன் தீந்துருமா? கடனோட நான் போக மாட்டேன்"னாக. வேணாம் அப்பத்தான்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். என் கையில கொடுக்கல. அப்பா படத்துக்கு முன்னால வச்சாக. நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லி, நான் டிக் போடுறதைக் கண்ணால பாத்த பிறகுதான் மோரே குடிச்சாக.

செக்கானூரணி செவலை:
ரெண்டு ஐநூறா? அதுல ஒண்ணுதான் பழசு தம்பி. இன்னொண்ணு புதுசு.

வைகைக்கரையான்:
தெரியும்ணே. அதை எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னுதான் நோட்டை விரிச்சு வச்சு உக்காந்திருக்கேன்.