சின்னையா தாத்தா குடும்பம் (மலேசியா, வாட்ஸ்அப் குழு): பிரகாஷ் விஷயம்

வியாழன்

ரேவதி: பிரகாஷை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான்.

பாப்பா அத்தை: அப்பாடா. முருகா.

கௌரி அக்கா: கேஸ் போட்டார்களா?

ரேவதி: இல்லை. நாலு நாள் ரிமாண்ட் முடிந்ததும் போலிஸ் ஜாமீன். 20-ஆம் தேதி மறுபடி பாலாய்க்கு (போலிஸ் நிலையம்) வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கௌரி அக்கா: அடித்தார்களா?

கௌரி அக்கா: ரேவதி?

ரேவதி: மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை அக்கா. காரிலிருந்து இறங்கியவன் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி ஊன்றி நடந்து வந்தான். சிலிப்பர் கையில். அம்மா ஏன்டா என்று கேட்டதற்குக் காலைத் தூக்கிக் காட்டினான். இரண்டு உள்ளங்காலும் கத்தரிக்காய் நிறம். ரப்பர் குழாயாம். இனத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டே அடித்தார்களாம். அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாப்பா அத்தை: ஐயோ என் தங்கம். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய். மஞ்சள் பற்றுப் போடு.

கௌரி அக்கா: அத்தை எண்ணெய் மஞ்சள் எதுவும் வேண்டாம்! டாக்டர் பார்க்கும் வரை காலில் ஒன்றும் பூசக் கூடாது. ரேவதி, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடு. முகமும் காலும் சேர்ந்து ஒன்று, கால் மட்டும் ஒன்று.

கௌரி அக்கா: சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேள்.

ரேவதி: தேத்தண்ணி மாதிரி என்கிறான்

கௌரி அக்கா: உடனே ஜி.எச். (அரசு ஆஸ்பத்திரி) கிளம்புங்கள். சதை நசுங்கினால் கிட்னியில் போய் அடைக்கும். விழுந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. லாக்கப்பில் போலிஸ் அடித்தது என்று அவனே சொல்ல வேண்டும், டாக்டர் அதைக் கார்டில் எழுத வேண்டும்.

சேகர் மாமா: ராத்திரி ஒரு மணிக்கு அவனுக்கு ரோட்டில் என்ன வேலை? காதில் கடுக்கன், கை முழுக்கப் பச்சை. நான் அப்போதே மச்சானிடம் சொன்னேன்.

ரேவதி: கிடங்கில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வந்தான் மாமா. வேலை அட்டை பையில்தான் இருந்தது.

தினேஷ்: கடுக்கன் எந்தச் சட்டத்தில் குற்றம் மாமா

பாப்பா அத்தை: சண்டை வேண்டாம். முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பெரியப்பா (ஈப்போ): அனைவரும் பொறுமையாகப் படிக்கவும். குகன் வழக்கு ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரி, சுபாங் ஜெயா பக்கம் தைப்பான் நிலையத்தில் விசாரணையில் இருக்கும்போதே இறந்துபோன பையன். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததால் சாவு என்றது. குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்த பிறகுதான் அடி விழுந்த கதை வெளியே வந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் தாயாருக்கு 801,700 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே 2013 மே மாதம் கோலாலம்பூரில் தர்மேந்திரன். 2021-இல் கோம்பாக்கில் பிடித்த கணபதி, செலாயாங் மருத்துவமனையில் காலை எடுத்தும் பிழைக்கவில்லை. நாட்டில் இந்தியர் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. லாக்கப் சாவுப் பட்டியலில் நம் பங்கு அதைவிட எவ்வளவோ மேலே. ஆகவே காகிதம் முக்கியம். இது பாகம் 1.

தினேஷ்: அப்பா, அவன் உயிரோடு இருக்கிறான்

பெரியப்பா (ஈப்போ): அதனால்தான் சொல்கிறேன். அவன் வாயாலேயே சொல்ல முடியும்.

தினேஷ்: கால் படத்தை மட்டும் டிக்டாக்கில் போட்டிருக்கிறேன். முகம் இல்லை.

கௌரி அக்கா: யாரைக் கேட்டுப் போட்டாய்? எடு.

தினேஷ்: நாலு பேர் பார்த்தால்தான் பயப்படுவார்கள். சும்மா இருந்தவனுக்கு எந்தக் காலத்தில் நியாயம் கிடைத்தது? நம் வீட்டுப் போலிஸ் அண்ணனும் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய் திறக்கவில்லை, பார்த்தீர்களா

விக்கி குழுவிலிருந்து வெளியேறினார்

சேகர் மாமா: சந்தோஷமா தினேஷ்? அவன் ஜோகூரில் டிராபிக்கில் இருக்கிறான். இதற்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?

பாப்பா அத்தை விக்கியைச் சேர்த்தார்

பாப்பா அத்தை: யாரும் வெளியே போகக் கூடாது. இது தாத்தா பெயரில் உள்ள குழு.

ரேவதி: ஜி.எச்.சில் இருக்கிறோம். ரத்தம் எடுத்தார்கள், டிரிப் ஏற்றுகிறார்கள். இன்றிரவு வார்டு.

வெள்ளி

லெட்சுமி சித்தி: காலை வணக்கம். ஆடி வெள்ளி வாழ்த்துகள். கூழ் ஊற்ற அண்டா வேண்டும், மணி வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்?

கௌரி அக்கா: சித்தி மேலே படியுங்கள்

லெட்சுமி சித்தி: ஐயோ இப்போதுதான் பார்த்தேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது?

சேகர் மாமா: அது எங்கள் அண்டா. 2019-இல் ரேவதி நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துக்கொண்டு போனது.

ரேவதி: ரத்தத்தில் கிட்னி அளவு ஏறியிருக்கிறது, ஆனால் டயாலிசிஸ் வேண்டியிருக்காது என்கிறார்கள். டாக்டர் ஒவ்வொரு காயமாக அளந்து எழுதினார். அண்டா பின்கட்டில் இருக்கிறது மாமா, எடுத்துக்கொள்ளுங்கள்.

விக்கி: ரேவதி, ரிப்போர்ட்டை அதே பாலாயில்தான் போட வேண்டும் என்று இல்லை. எந்த பாலாயிலும் போடலாம். அவன் சொல்வதை அப்படியே எழுதச் சொல், திட்டிய வார்த்தை உட்பட. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து. நகல் வாங்காமல் எழுந்து வராதே. லாக்கப் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி லாயர் கடிதம் சீக்கிரம் போக வேண்டும். 20-ஆம் தேதி தனியாக அனுப்பாதீர்கள்.

தினேஷ்: நன்றி அண்ணா

விக்கி: ம்

பெரியப்பா (ஈப்போ): பாகம் 2. போலிசை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று 2005-லேயே அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. இழுத்து இழுத்து 2023 ஜூலையில் ஐ.பி.சி.சி. என்ற ஆணையம் வந்தது. அது விசாரிக்கும், பரிந்துரைக்கும், தானே தண்டனை கொடுக்காது. அங்கேயும் மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் புகார் போடுவோம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். அரசாங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. திங்கள் நான் பஸ் ஏறி வருகிறேன்.

கௌரி அக்கா: அப்பா நீங்கள் முட்டி வலியோடு எங்கேயும் வர வேண்டாம்

சேகர் மாமா: லாயர் இலவசம் என்றாலும் ஓட்டம் இருக்கிறது. ஆளுக்கு 100 வெள்ளி போடலாம். முன்பு கொடுத்த 3,000 இன்னும் வரவில்லை, இருந்தாலும் பரவாயில்லை, நான் 500 போடுகிறேன். மணிக்குத் தெரிய வேண்டாம்.

லெட்சுமி சித்தி: மணி இந்தக் குழுவில்தான் இருக்கிறார்

பாப்பா அத்தை: உங்கள் மாமாவுக்குப் போனைக் கொடுத்ததே தப்பு

ரேவதி: எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) காலையில் கஞ்சி கொண்டுவந்தார். பிரகாஷை நிறுத்திய நேரம் அவர் மகன் பின்னால் காரில் வந்தாராம், டேஷ்கேமில் எல்லாம் இருக்கிறது என்கிறார். பையன் முரண்டு பண்ணவே இல்லை, ஐ.சி. (அடையாள அட்டை) எடுத்துக் கொடுத்தான், அதற்குள் அடி விழுந்தது என்று சொல்கிறார். சாட்சி சொல்லவும் வருவாராம்.

கௌரி அக்கா: அந்தப் பதிவை இப்போதே வாங்கு. இரண்டு இடத்தில் சேமி. தினேஷுக்கு மட்டும் அனுப்பாதே.

தினேஷ்: டிக்டாக்கில் போட்டதை நீக்கிவிட்டேன் அக்கா. ஆனால் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டு எழுதியிருக்கிறார்.

கௌரி அக்கா: லாயரைக் கேட்காமல் பேசாதே

தினேஷ்: சரி. அவர் நம்பரை வைத்துக்கொள்கிறேன்.

மணி சித்தப்பா: ரிப்போர்ட் வேண்டாம்.

மணி சித்தப்பா: 20-ஆம் தேதி திரும்பப் போக வேண்டியது என் பிள்ளை. இங்கே எழுதுகிற யாரும் உள்ளே போகப் போவதில்லை.

சேகர் மாமா: மச்சான், நான் வருகிறேன் உன்னோடு

மணி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாப்பா அத்தை: என்னடா தம்பி எழுதினாய்? கண்ணாடி போடுவதற்குள் போய்விட்டது.

பிரகாஷ்: அப்பா, நான் போடுகிறேன் ரிப்போர்ட். டாக்டர் அனுப்பியதும் போகலாம்.

பெரியப்பா (ஈப்போ): பாகம் 3 காலையில்.

விக்கி: சனிக்கிழமை எனக்கு ஆஃப். யூனிபார்ம் இல்லாமல் வருகிறேன்.

ரேவதி: அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. சனி காலை என்று வைத்துக்கொள்வோமா, இல்லை டிஸ்சார்ஜ் பார்த்துச் சொல்லவா?

லெட்சுமி சித்தி: வேன் வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லுங்கள், கூழுக்கும் அதே வேன்தான்.