கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டம்: குழு எழுதுவதா, முதல்வர் எழுதுவதா? (புனைபெயரில் நாலு பேரின் விவாதம்)

வேளிமலை:

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறிய அரசு கலை அறிவியல் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். இளங்கலையில் 7 துறை, 18 வகுப்பறை, ஒரே ஷிப்ட், சுமார் 1,100 பிள்ளைகள். நிரந்தர ஆசிரியர் 22 பேர், மிச்சம் கௌரவ விரிவுரையாளர்கள். நிறுவன வளர்ச்சித் திட்டம் (கல்லூரியின் வருங்கால வேலைத் திட்டம்) எழுத யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2024இல் வழிகாட்டுதல் தந்துவிட்டது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் நிர்வாகம் ஒரு அளவுகோல். ஆக, எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். யார் எழுதுவது என்பதில்தான் பேச்சு.

குழுதான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. முதல்வர் பதவி பணிமூப்பில் வருகிறது. வந்து உட்காரும்போதே பலருக்கு ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி. அதற்குப் பிறகு சில மாதம் பொறுப்பு முதல்வர். ஒருத்தர் மனசில் மட்டும் இருக்கிற ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய வழியனுப்பு விழாவோடு போய்விடும். குழு இது: முதல்வர், நாலு துறைத்தலைவர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர், நூலகர், மாணவர் இரண்டு பேர் (ஒருத்தி கட்டாயம் மாணவி), முன்னாள் மாணவர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒருவர். மொத்தம் 11 பேர். மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்றால் 8 பேர் வந்தால் கூட்டம் செல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், தீர்மானம் அறிவிப்புப் பலகையில். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பழையாறு:

அண்ணாச்சி, நோக்கம் நல்லது, வழிதான் சரியில்லை. 22 பேர் இருக்கிற கல்லூரியில் இப்பவே எத்தனை குழு என்று எண்ணிப் பாருங்கள்: ராகிங் தடுப்பு, உள் புகார்க் குழு, குறைதீர்ப்பு, எஸ்சி எஸ்டி பிரிவு, ஐக்யூஏசி (உள் தர உறுதிப் பிரிவு), சேர்க்கை, தேர்வு, கொள்முதல், நூலகம், விளையாட்டு, நாட்டு நலப்பணி, செஞ்சிலுவை, கல்வி உதவித்தொகை, கால அட்டவணை, நாட்காட்டி. பதினைந்து ஆச்சு. ஒன்றுக்கு 5 பேர் என்றால் 75 இடம், தலைக்கு மூன்றுக்கு மேல். பெயர்தான் வேறு, உட்காருகிறது அதே ஆறேழு பேர். பதினாறாவது குழு வந்தால் வகுப்புக்குப் போகிற நேரம்தான் குறையும்.

இன்னொன்று. பணம் எடுத்து வழங்கும் அதிகாரி முதல்வர். தணிக்கைத் தடை (செலவு சரியில்லை என்ற ஆட்சேபம்) எழுதினால் அவர் பெயரில்தான் வரும். பதில் சொல்கிறவர் ஒருத்தர், முடிவு எடுக்கிறவர்கள் பதினோரு பேர் என்றால் எந்த முதல்வரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார். முதல்வர், கண்காணிப்பாளர், கட்டட வேலை தெரிந்த ஒரு துறைத்தலைவர், மூன்று பேர் மூன்று வாரத்தில் வரைவு எழுதட்டும். முதல்வரும் துறைத்தலைவர்களும் கூடும் கல்லூரி கவுன்சிலில் ஒரு நாள் வைத்துப் பேசி முடிக்கட்டும். பிறகு கோப்பு திருநெல்வேலி கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகட்டும்.

தோவாளைக்காரி:

இரண்டு பேரும் யார் எழுதுவது என்றே நிற்கிறீர்கள். என்ன எழுதுவது என்று கணக்குப் போட்டால் பாதிச் சண்டை தீரும்.

எல்லாத் திட்டத்திலும் முதல் வரி "10 வகுப்பறை கொண்ட புதிய கட்டடம்". தேவையா என்று கால அட்டவணையைக் கேளுங்கள். 7 துறை, மூன்று ஆண்டு, 21 வகுப்பு. ஆறு வேலைநாள் ஒரு சுழற்சி, நாளுக்கு 5 மணி, சுழற்சிக்கு 30 மணி. 21ஐ 30ஆல் பெருக்கினால் 630 அறைமணி. அறிவியல் துறை நாலில் ஒவ்வொரு வகுப்பும் சுழற்சிக்கு 5 மணி ஆய்வகத்தில் என்றால் 60 மணி கழியும். மீதி 570. இருக்கிற 18 அறை தருவது 540. குறைவது 30 மணி, அதாவது ஒரே ஒரு அறை. கருத்தரங்கக் கூடத்தை அட்டவணைக்குள் கொண்டுவந்தால் அதுவும் தீர்ந்தது.

ஆனால் அறைக்கு உள்ளே போனால் வேறு கணக்கு. 30க்கு 20 அடி அறை. கரும்பலகைப் பக்கம் 7 அடி விட்டால் மிச்சம் 23 அடி. வரிசைக்கு 3 அடி என்றால் 7 வரிசை. குறுக்கே ஐந்தடி பெஞ்ச் மூன்று, நடுவில் இரண்டரை அடி வழி இரண்டு. 21 பெஞ்ச், பெஞ்சுக்கு மூன்று பேர், 63 பேர். அனுமதித்த இடம் 60 என்றால் தாராளம். அரசு 20 சதவீதம் கூடுதல் இடம் தரும் வருடம் 72 ஆகிவிடும். ஒன்பது பேருக்கு இடமில்லை. பெஞ்சுக்கு நாலு பேர் நெருக்கினால் ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நோட்டு வைக்க முழங்கைக்கு இடம் கிடையாது, மடியில் வைத்து எழுதும். கூடுதல் இடத்துக்குச் சம்மதம் சொல்லும் முன்பு எந்த அறை எத்தனை பேர் கொள்ளும் என்ற பட்டியல் முதல்வர் மேசையில் இருக்க வேண்டும். பல இடத்தில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது.

கழிப்பறை அதைவிட அவசரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு மாணவிகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. 1,100இல் 650 மாணவிகள் என்றால் 26 வேண்டும். தண்ணீர் தலைக்கு நாளுக்கு 45 லிட்டர், மொத்தம் 49,500. மேல்தொட்டி 10,000 லிட்டர்தான் என்றால் நாளுக்கு ஐந்து தடவை மோட்டார் போட வேண்டும். பதினொரு மணிக்கு மின்சாரம் போனால் மதிய இடைவேளையில் குழாயில் காற்றுதான் வரும். தண்ணீர் வராது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது மூன்று பேர் எழுதும் வரைவில் வராது, குழுவில் ஒரு மாணவி உட்கார்ந்தால்தான் வரும். அந்த அளவுக்கு நான் வேளிமலை பக்கம்.

பழையாறு:

தோவாளை டீச்சர் போட்ட அறைமணிக் கணக்கு சரி. ஆனால் அது இன்றைய கணக்கு. இரண்டு துறைக்கு முதுகலை வந்தால் நாலு வகுப்பு, 120 மணி, நேராக நாலு அறை. அறை இல்லையென்றால் இரண்டாம் ஷிப்ட் என்பார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் விட்டால் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போகிற பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு சேரும்? கட்டடமே வேண்டாம் என்று எழுதிவிட்டால் பிற்பாடு கேட்க முடியாது. மாணவி உட்காருவதில் எனக்குத் தடையில்லை. பதினோரு பேர் ஓட்டுப் போட்டுக் கோப்பை நிறுத்துவதில்தான் தடை.

குழித்துறைக் கணக்கு:

இந்தப் பேச்சில் தேதியே வரவில்லை. அரசுக் கல்லூரியில் திட்டம் தோற்பது பெரும்பாலும் தேதியில்தான்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மேற்குத் தாலுகாக்களில் ஏப்ரல், மே கோடைமழையும் விடாது. மேல்தளம் பிரித்து வேலை செய்ய நம்பி இறங்கக்கூடிய காலம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டும். அதே மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிறது, செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். மே மாதம் வகுப்பறை காலியாக இருக்கிறதே, அப்போது செய்யலாம் என்று நினைத்தால் அப்போது பழைய ஒதுக்கீடும் கையில் இல்லை, புது ஒதுக்கீடும் வந்திருக்காது.

ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்க, டிசம்பர் கடைசியில் வேலை உத்தரவு. அதற்கு நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி. அதற்கு முன் பொதுப்பணித்துறைப் பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதல், அதற்கும் முன் நிர்வாக ஒப்புதல். வேலைக்கு எவ்வளவு செலவு என்ற மதிப்பீடு ஜூன், ஜூலையில் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். மதிப்பீடு அந்த வருட விலை விகிதப் பட்டியலில் இருக்க வேண்டும். போன வருட விலையில் போட்டது திரும்பி வரும், திருத்தி அனுப்புவதற்குள் ஒரு மழை போய்விடும். புதுக் கட்டடம் என்றால் அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான கோரிக்கை, அதற்கு முந்தைய மழைக்காலத்துக்குள்ளேயே சென்னை கல்லூரிக் கல்வி இயக்ககத்தில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நிலம். கல்லூரி நிற்கிற இடம் எந்தத் துறை பெயரில் இருக்கிறது? நில மாற்றம் முடிந்ததா, இல்லை மாற்றம் முடியும் முன்பே உள்ளே போகத் தரும் முன்நுழைவு அனுமதியில்தான் நிற்கிறதா? குளத்துப் புறம்போக்கு கொஞ்சம் உள்ளே வருகிறதா? நீர்நிலையாக இருந்தால் அதில் ஒரு கல்லும் வைக்க முடியாது. தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேடும் (நிலம் யார் பெயரில் என்ற பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்துப் பார்க்காமல் வரைபடம் போட்டால் மொத்த வேலையும் வீண். இதற்குக் குழு வேண்டாம், விடாமல் நடக்கிற ஒரு ஆள் வேண்டும். ஆக நான் பழையாறு பக்கம்.

வேளிமலை:

கணக்கு அண்ணாச்சி சொன்ன தேதி ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஜூனில் மதிப்பீடு கேட்டவர் அக்டோபரில் ஓய்வு பெற்றால் டிசம்பரில் அதை யார் தேடுவார்? அதற்காகத்தான் கூட்டக் குறிப்பேடு. "மேல்தளப் பழுது குறித்து ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் அது தீர்மானமே இல்லை. "வேதியியல் கட்டடம் வடக்கு மேல்தளம், 2,000 சதுர அடி, மதிப்பீடு கேட்டுக் கடிதம், அனுப்புபவர் கண்காணிப்பாளர், கெடு ஜூன் 30, பதில் வராவிட்டால் ஜூலை 15இல் நேரில்" என்று இருந்தால் அடுத்து வருகிற முதல்வர் முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து தொடர்வார்.

அந்த மேல்தளத்தையே பாருங்கள். மழைநீர் இறங்குகிற நாலு அங்குலக் குழாய் வாயில் பலா இலையும் மா இலையும் மட்கிப் படிந்து, அதன்மேல் பாசி பிடித்து மூடிக்கொள்கிறது. 2,000 சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 4,700 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து டன் எடை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் தட்டோட்டின் பூச்சு விட்டிருக்கும், தண்ணீர் அங்கே இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும், காங்கிரீட்டை வெளியே தள்ளும். கீழே ஆய்வகக் கூரையில் முதலில் பழுப்பு வட்டம் தெரியும், அப்புறம் பூச்சு உதிரும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒரு ஆள் ஏறிச் சருகை அள்ளி, குழாய் வாய்க்கு வலைமூடி போட்டிருந்தால் லட்சக்கணக்கில் மதிப்பீடே வேண்டாம். இந்த வேலை யாருடைய பெயரிலும் இல்லை, அதனால் நடப்பதில்லை. திட்டத்தில் புதுக் கட்டடத்துக்கு முன்னால் பராமரிப்புப் பட்டியல் வரணும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வெளியாட்களைச் சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழிப்பறைத் தொகுதி, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலும் நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலும் கேட்க முடியும். அதற்கு ஊரில் நாலு பேரைத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் குழுவில் இருப்பது பெரிய பலம்.

பழையாறு:

தொகுதி நிதியில் வருகிற கட்டடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பணம் வந்ததும் காலி இடம் எது என்று பார்த்து அங்கே கட்டிவிடுவார்கள். பிற்பாடு பார்த்தால் கழிவுநீர்த் தொட்டி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் நாளைக்கு நூலகம் வர வேண்டிய இடத்தில் கழிப்பறை நிற்கும். நம்ம மண்ணில் சரிவு அதிகம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்ட அளவு எடுக்காமல் எதையும் கட்டக்கூடாது. வளாக வரைபடம் ஒன்று, இருக்கிற கட்டடம், கிணறு, மின்கம்பம், மரம், குழாய்ப் பாதை, நீரோட்டத் திசை எல்லாம் குறித்து முதல்வர் அறைச் சுவரில் மாட்டட்டும். யார் பணம் தந்தாலும் அந்தப் படத்தில் குறித்த இடத்தில்தான் கட்டடம் வரும் என்று கவுன்சில் தீர்மானம் போடட்டும்.

குறிப்பேடு விஷயத்தில் வேளிமலை அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். வேலை, பொறுப்பாளர், கெடு மூன்றும் இல்லாத தீர்மானத்தை எழுதவே கூடாது. மாணவர் இருவரும் முன்னாள் மாணவரும் திட்டக் கூட்டத்தில் இருக்கட்டும், பேசட்டும், அவர்கள் சொன்னது குறிப்பில் ஏறட்டும். கொள்முதலிலும் ஒப்பந்தப்புள்ளியிலும் மட்டும் அவர்கள் கையெழுத்து வேண்டாம். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டத்தின்படி அது அதிகாரியின் பொறுப்பு. தனிக் குழுவும் வேண்டாம், ஐக்யூஏசியில் ஏற்கெனவே மாணவர், முன்னாள் மாணவர், ஊர்ப் பிரதிநிதிக்கு இடம் இருக்கிறது. காலாண்டுக்கு ஒரு முறை அது கூடித்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்திலேயே திட்டத்தை ஒரு பொருளாக வையுங்கள்.

வேளிமலை:

ஐக்யூஏசி என்றால் எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. ஆண்டறிக்கை நிரப்பும் வாரத்தில் மட்டும் கூடிவிட்டு, நாலு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. கூட்டம் நடந்த அன்றே குறிப்பு எழுதி, அன்றே பலகையில் ஒட்ட வேண்டும். அறிவிப்புப் பலகை விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

பழையாறு:

ஒட்டுவதில் எனக்கு மறுப்பு கிடையாது. மதிப்பீட்டுத் தொகையை மட்டும் ஒப்பந்தப்புள்ளி திறக்கும் வரை ஒட்டாதீர்கள், விலை கேட்கிறவர்கள் அதைப் பார்த்தே போடுவார்கள்.

தோவாளைக்காரி:

நாட்காட்டியையும் அந்த முதல் கூட்டத்திலேயே வையுங்கள். பருவத்துக்கு 90 வேலைநாள் வேண்டும். நமக்கு ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, மகா சிவராத்திரி என்று உள்ளூர் விடுமுறை வரும், அதற்கு மேல் மழை விடுமுறை. ஈடு செய்கிற சனிக்கிழமைகளை மே மாதமே குறித்துவிட்டால் பிள்ளைகள் அதற்கேற்ப இருப்பார்கள். கடைசி வாரத்தில் திடீரென்று மூன்று சனிக்கிழமை வகுப்பு என்றால் பகுதிநேர வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு குறையும், தேர்வு எழுதுவதே சிக்கலாகும். கூட்டத்துக்கும் சனிக்கிழமை வேண்டாம். ஊர்ப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை விடாமல் மாணவி வீடு சேருகிற மாதிரி, வேலைநாளில் மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள்.