பாலர் பள்ளி மாறுவேடத்துக்கு இளவரசி கவுன்: சுங்கை சிப்புட்டுக்குப் புதுசு, வழி சொல்லுங்க

கேள்வி:
மதுரையிலிருந்து மலேசியாவில் இருக்கிற சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்திருக்கோம். மகளுக்கு 5 வயசு. பாலர் பள்ளியில் குழந்தைகள் தினத்துக்கு மாறுவேடம் போடணுமாம், கணுக்கால் வரை விரியுற இளவரசி கவுன்தான் வேணுமாம். சுடிதாரும் பிளவுஸும் தைப்பேன், கவுன் தைச்சதில்லை. ஊரிலிருந்து மோட்டார் மிஷின் கொண்டுவந்திருக்கேன். துணி எவ்வளவு, எங்கே, எப்படி?

பதில்:
பிளவுஸ் கை வந்தவங்களுக்கு கவுன் பெரிய வித்தையில்லை தங்கச்சி. மேலே இடுப்பு வரைக்கும் பாடி, கீழே வட்டப் பாவாடை, உள்ளே தனியா நெட் பாவாடை. பலரும் கோட்டை விடுறது இடுப்பு வட்டத்தில்தான், அதனால் அதை விளக்கமா சொல்றேன்.

பிள்ளையை அளந்தே எடுங்க. கணக்குக்கு இடுப்பு 21 அங்குலம்னு வைப்போம். லூஸ் 1 சேர்த்து 22. அதை 6.28-ஆல் (2 × 3.14) வகுத்தால் மூன்றரை, இதுதான் வட்டத்தோட ஆரம். இது தையல் விழுற கோடு. வெட்டுற கோடு இதுக்கு அரை அங்குலம் உள்ளே, அதாவது 3 அங்குல ஆரத்தில் வரணும். மூன்றரையிலேயே வெட்டிட்டா, பிடிப்பு (தையலுக்கு விடுற ஓரம்) போக தையல் 4-இல் விழும், இடுப்பு 25 ஆயிடும். அப்புறம் அதைக் கொசுவி அடக்கினா முன்பக்கம் பொங்கி நிக்கும். சந்தேகமா இருந்தா சின்னதாவே வெட்டுங்க. குறைஞ்சா இன்னும் கொஞ்சம் வெட்டிக்கலாம், கூடினா ஒண்ணும் பண்ண முடியாது.

பாவாடை நீளம் 22 அங்குலம்னா, மையத்திலிருந்து விளிம்பு வரை 26 (மூன்றரை + 22 + மடிக்க அரை). முன்பக்கம் ஒரே அரைவட்டம். பின்பக்கம் இரண்டு கால்வட்டம், ஏன்னா ஜிப் நடு முதுகில் வரணும். நேர் விளிம்புகளுக்கெல்லாம் அரை அங்குலம் பிடிப்பு விடுங்க. பாடியையும் சேர்த்து 58 பன்னா (58 அங்குல அகலம்) சாட்டின்னா 2 மீட்டர், 44 பன்னான்னா 3 மீட்டர். 44-இல் அரைவட்டங்களைப் பக்கத்துப் பக்கத்துல போட முடியாது, அதான் ஒரு மீட்டர் கூடுது. பக்கத்துல மிஞ்சுற நீளத் துண்டில் பாடி வெட்டிக்கலாம்.

பாடிக்கு மார்பளவோடு 2 அங்குலம் லூஸ் போதும். சாட்டின் அளவுக்கே மெல்லிய பருத்தி லைனிங் வெட்டி, கழுத்தையும் கைக்குழியையும் சேர்த்துத் தைச்சுத் திருப்புங்க. ஜிப் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே 4 அங்குலம் வரை இறங்கணும். இல்லேன்னா கால் வழியா போட முடியாது, தலை வழியா போட்டா அலங்காரம் கலைஞ்சிடும்.

வட்டம் தைச்சதும் கீழ் விளிம்பை மடிக்காதீங்க. ஒரு நாள் ஹேங்கரில் தொங்க விடுங்க. இழை குறுக்காச் சாயுற இடத்தில் துணி இறங்கும், பிள்ளைக்குப் போட்டுத் தரையிலிருந்து அளந்து வெட்டிச் சமப்படுத்திட்டு, கால் அங்குலமா இரண்டு மடிப்பு போடுங்க. வட்டத்தில் அகல மடிப்பு போட்டா சுருங்கி அலையடிக்கும்.

இன்னொரு பதில்:
சாட்டினுக்குப் பழைய ஊசி ஆகவே ஆகாது, இழுத்துவிட்ட இழை அப்படியே தெரியும். புது 11-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், நூல் டென்ஷன் (இறுக்கம்) கொஞ்சம் தளர்வு. குண்டூசியைப் பிடிப்புக்குள்ளேயே குத்துங்க, வெளியே குத்தின ஓட்டை மறையாது. எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டினாத்தான் பளபளப்பு ஒரே மாதிரி இருக்கும். ஓரம் உடனே பிரியும், வெட்டின கையோட ஜிக்ஜாக் அடிச்சிடுங்க. அயர்ன் குறைஞ்ச சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு. நெட்டுக்கு அயர்னே வேணாம், உருகிடும்.

நெட் பாவாடை கணக்கு: மேலே 6 அங்குல நீளப் பருத்தி, சுற்றளவு 28, இடுப்பில் எலாஸ்டிக். அதுக்குக் கீழே 58 பன்னா நெட்டில் 8 அங்குலப் பட்டை ஒண்ணைக் கொசுவித் தைக்கணும், அதுக்கும் கீழே இரண்டு பட்டையை ஒட்டி மறுபடியும் கொசுவணும். நெட்டை இரட்டையா போட்டாத்தான் விரியும், ஒன்றரை மீட்டர் வாங்குங்க. பிடிப்பு போக முழு நீளம் 22 அங்குலத்துக்குக் குறைவாத்தான் வரும், கவுனுக்கு வெளியே எட்டிப் பார்க்காது. நெட்டில் கொசுவ நூல் அறுந்துகிட்டே இருக்கும். தூண்டில் நூலை வச்சு, அதுமேல் படாமல் ஜிக்ஜாக் ஓட்டி இழுங்க, நழுவி வந்துடும். முரட்டு நெட் குத்தும், அது கடைசி அடுக்குக்கு மட்டும். நெட் தையல் ஓரம் உடம்பில் படுற இடத்துல பருத்திப் பட்டை வச்சு மூடாட்டி பிள்ளை மேடை ஏறாது.

இன்னும் ஒருத்தர்:
துணிக்குப் பக்கத்து நகரம் ஈப்போ போங்க. லிட்டில் இந்தியாவில் தமிழ்லயே பேசி வாங்கலாம். மலாய்க்காரங்க கடையில் நெட் 'காயின் ஜாரிங்', நூல் 'பெனாங்', ஊசி 'ஜாரும்', லேஸ் 'ரெண்டா', எலாஸ்டிக் 'கெத்தா'. பாஜு குரோங்குக்கு (மலாய்ப் பெண்கள் உடை) 4 மீட்டரா வெட்டி வச்ச துணி கிடைக்கும், கவுனுக்கு அது தாராளம். பண்டல் கடையையும் (பழைய துணி விக்கிற கடை) பாருங்க, பழைய கவுன்களில் ஜிப்பும் லேஸும் நல்ல நிலையில் கிடைக்கும். நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி தையற்காரங்க யாரும் புது வேலை எடுக்க மாட்டாங்க, ஓவர்லாக்குக்குக்கூட (ஓரம் பிரியாம அடிக்கிற தையல்). அந்தச் சமயத்துல வெளியே கொடுக்கிறதை நம்பி இருக்காதீங்க.

மிஷின் பத்தி: இங்கே கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மோட்டார் ஓடும். பிளக்தான் வேற, மூணு தட்டை முனை. பிளக்கை மாத்தி, உள்ளே 3 ஆம்பியர் பியூஸ் போடுங்க. இங்கே ஈரப்பதம் அதிகம், எண்ணெய் தொட்டுத் துடைச்சு, துணி போர்த்தி வைக்காட்டி ஊசித்தண்டு துருப்பிடிக்கும், முதல் தையலே சாட்டினில் கறையாயிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா. பழைய ஆர்கன்சா புடவை ஒண்ணு இருக்கு, அதை மேலே போடலாமா? தோளிலிருந்து முதுகில் தொங்குற கேப்பும் (cape) கேக்குறா.

பதில்:
தாராளமா. வட்டமா வெட்டாதீங்க, கரை வீணாப் போயிடும். 22 நீளத்துக்கு நேர்த்துண்டா எடுத்து, பாவாடை விரிவை அடக்காத அளவு அகலத்தைக் கொசுவி இடுப்புத் தையலோடயே சேருங்க, கரை தானே கீழ் விளிம்பாயிடும். கேப்பைக் கழுத்தில் கயிறு கட்டிப் போடவே வேணாம், யாராவது மிதிச்சா இறுக்கும். தோளில் வெல்க்ரோ, இழுத்தா கழண்டுடணும். ஒன்று மட்டும் ஞாபகம் வைங்க, நெட்டும் பாலியஸ்டரும் சட்டுனு பத்திக்கும். தீபாவளிக்கு மத்தாப்பு பிடிக்கிறப்போ இந்தக் கவுன் வேணாம், பருத்தியைப் போட்டு விடுங்க.