படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே ஸ்பீக்கர் சரிவருமா?

கேள்வி
அறை 14க்கு 11 அடி, ஸ்பீக்கரிலிருந்து 9 அடி தள்ளி சோபா. படம் பாதி, பாட்டு பாதி. சேனலுக்கு 80 வாட் ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) இருக்கிறது. ஐந்து குட்டி ஸ்பீக்கரும் சப்வூஃபரும் (அடி ஒலியான பாஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) சேர்ந்த 5.1 செட் எடுக்கலாமா, அல்லது அதே காசுக்கு அலமாரியில் வைக்கும் அளவிலான நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாமா? ஜோடி மட்டும் என்றால் படத்துக்குச் சத்தம் பத்துமா?

பதில் 1
புக்‌ஷெல்ஃப் ஜோடிதான். குட்டி ஸ்பீக்கரின் 3 அங்குல கோன் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். அதனால் கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 150, 200 என்று ஏற்றி வைக்க வேண்டிவரும். ஆண் குரலின் கனம் முழுக்க மூலையில் இருக்கும் சப்பிலிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் பிடிபடாது, 150இல் பிடிபட்டுவிடும். பாட்டில் இது உடனே உறுத்தும்.

சத்தக் கணக்கு: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்றால், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87. 80 வாட் அதில் 19 கூட்டும், 106. 9 அடியில் அறைக்குள் ஆறேழு போனாலும் கிட்டத்தட்ட 99 நிற்கும். தியேட்டர்களுக்கு வகுத்த நிலையான சத்த அளவான ரெஃபரன்ஸில் ஒரு சேனலின் உச்சம் 105. வீட்டில் அதிலிருந்து 10 குறைத்து வைத்தாலே தாராளம், ஆகவே பத்தும். 84 டெசிபல் மாடல் என்றால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் கேட்கும், அதைத் தவிருங்கள்.

பதில் 2
ஜோடிக்கு அடுத்து சப் வாங்குங்கள், சென்டர் (வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்) அப்புறம். நேர் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் ஜோடியே வசனத்தை நடுவில் நிறுத்திவிடும். மூன்று பேர் என்றால்தான் ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கருக்குச் சாயும். அப்போது சென்டர் கட்டாயம். அதே சீரிஸில் எடுங்கள், இல்லாவிட்டால் இடமிருந்து வலம் நகரும் குரல் நிறம் மாறும். ட்வீட்டருக்கு (மெல்லிய உச்ச ஒலிக்கான சிறு கோன்) இருபுறமும் வூஃபர் (பெரிய கோன்) படுத்திருக்கும் டூ-வே சென்டரில், அதாவது ஒலியை இரண்டாக மட்டும் பிரிக்கும் மாடலில், ஓரத்து இருக்கைக்கு மிட் ரேஞ்சில் (நடுத்தர ஒலியில்) பள்ளம் விழும். வசனம் புரியவில்லை என்ற புகார் பல நேரம் இதனால்தான். நடுத்தர ஒலிக்குத் தனி கோன் உள்ள த்ரீ-வே மாடலில், அந்த மிட்டும் ட்வீட்டரும் மேலும் கீழுமாக இருந்தால் நல்லது.

பதில் 3
வாங்கியபின் கெடுவது செட்டிங்கில். ரிசீவர் மைக் வைத்துத் தானே அளந்து செட்டிங் போடும் ஆட்டோ கேலிப்ரேஷன் புக்‌ஷெல்ஃபையே சில சமயம் 'லார்ஜ்' (பாஸ் முழுவதும் ஸ்பீக்கருக்கே) என்று போட்டுவிடும். 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவருக்கு 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். பல ரிசீவர்களில் பாட்டுக்கு 'ப்யூர் டைரக்ட்' போட்டால் பாஸ் மேனேஜ்மென்ட் (பாஸை சப்புக்குப் பிரித்து அனுப்பும் வேலை) அணைந்து சப் ஊமையாகிவிடும். 'ஸ்டீரியோ' மோடே போதும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 7, 8 அடி, ட்வீட்டர் காது உயரத்தில். பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) இருந்தால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளுங்கள், ஒட்டி வைத்தால் பாஸ் கும்மென்று வீங்கும். கடைசியாக சப்பின் ஃபேஸ் (சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றாக அசைகின்றனவா என்பதைச் சரிசெய்யும் சுவிட்ச்): 80 ஹெர்ட்ஸ் டோனை சப், ஸ்பீக்கர் இரண்டிலும் ஓடவிட்டு, ஒருவர் 0, 180 என்று மாற்ற நீங்கள் சோபாவில் இருந்து கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதில் விடுங்கள்.